லூப்ஸ் வச்சு குழந்தைங்க பாட்டுக்கு மியூசிக் போடுறேன், என் மெட்டோட ஒட்ட மாட்டேங்குது, வழி சொல்லுங்க

பாட்டுடீச்சர்:

வணக்கம். தென்காசி பக்கம் ஒரு கிராமத்துல ஆரம்பப் பள்ளி டீச்சரா இருக்கேன். ஒன்னாவது ரெண்டாவது பிள்ளைங்களுக்கு நானே பாட்டு எழுதி மெட்டு கட்டி சொல்லிக்குடுப்பேன், மழைப்பாட்டு, எண்ணுப்பாட்டு, காய்கறிச் சந்தைப் பாட்டுன்னு ஒரு நோட்டு நிறைய சேர்ந்துபோச்சு. இதையெல்லாம் மியூசிக்கோட பதிஞ்சு யூட்யூப்ல போட்டா மத்த பள்ளிக்கூடத்து டீச்சர்களும் எடுத்துக்குவாங்கல்ல, அதான் ஆசை. கீபோர்டு கிடார் எதுவும் வாசிக்கத் தெரியாது, சின்ன வயசுல கொஞ்சம் வாய்ப்பாட்டு கத்துக்கிட்டேன், சுதி தாளம் விலகாம பாடிருவேன்.

அண்ணன் மகன்தான் லூப்ஸ் பத்தி சொன்னான், ட்ரம்ஸ், பேஸ், கிடார்னு யாரோ வாசிச்சு பதிஞ்சு வச்ச சின்னச்சின்ன துண்டுங்க, அதை கம்ப்யூட்டர்ல இழுத்து வச்சு அடுக்குனா பாட்டு ரெடின்னான். இறக்கிக் கேட்டா தனித்தனியா ஒவ்வொன்னும் அம்சமாத்தான் இருக்கு, என் பாட்டோட சேர்த்தாத்தான் பிரச்சனை. எண்ணுப்பாட்டு தகதிமின்னு நாலு நாலா எண்ணுற நடையில போறதால எப்படியோ ஒட்டுது, மழைப்பாட்டு தகிட தகிடன்னு மூணு மூணா போகும், அதுக்கு எந்த லூப்பும் சரியா வரல. நான் 5½ கட்டையில பாடுவேன், லூப்போட சுதி வேற எங்கயோ நிக்குது. லேப்டாப் விண்டோஸ், 8 ஜிபி ரேம், மைக்குன்னு தனியா கிடையாது, போன்தான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். இந்த லூப்பை எல்லாம் யூட்யூப்ல போட்டா காப்பிரைட் வருமா? அப்புறம், அடுத்தவங்க வாசிச்சதை அடுக்கிட்டு "இசை: நான்"னு போட்டுக்கலாமான்னு மனசுக்கு உறுத்தலா இருக்கு, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மேடைகீபோர்டு:

டீச்சர், உங்களுக்கு மெட்டு ஏற்கனவே இருக்கு, அதுதான் பெரிய விஷயம். நிறைய பேர் காதுக்கு நல்லா இருக்குற லூப்பை முதல்ல போட்டுட்டு அதுக்கு மேல என்னத்தையாவது பாடப் பாக்குறாங்க, அப்ப லூப் எந்தப் பக்கம் இழுக்குதோ மெட்டும் அந்தப் பக்கமே போயிரும், பத்துப் பாட்டு பண்ணாலும் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். நீங்க மாத்திப் பண்ணுங்க, முதல்ல பாட்டோட வேகமும் கட்டையும் என்னன்னு எழுதி வச்சுக்கோங்க, அதுக்கப்புறம்தான் லூப் தேடவே போகணும்.

வேகத்துக்கு ரொம்ப சுலபம், பாடிக்கிட்டே கைதட்டி 15 நொடியில எத்தனை தட்டுன்னு எண்ணி 4ஆல பெருக்குங்க, 24 தட்டு வந்தா 96, அதான் பிபிஎம், நிமிஷத்துக்கு எத்தனை அடிங்கிற கணக்கு. இதைப் பிள்ளைங்களோட சேர்ந்து பாடும்போது எண்ணுங்க டீச்சர், நீங்க தனியா பாடுற வேகம் வேற, ஒன்னாவது படிக்கிற புள்ள வாயில வார்த்தை உருள்ற வேகம் வேற. அப்புறம் சாஃப்ட்வேர்ல 96னு போட்டு க்ளிக் சத்தத்தை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே முழுப்பாட்டையும் ஒருவாட்டி சும்மா பாடி வச்சுருங்க, அது கடைசி ரெக்கார்டிங் இல்ல, வழிகாட்டிக் குரல். அதைக் கீழ ஓடவிட்டுத்தான் எந்த லூப்பையும் சோதிச்சுப் பாக்கணும்.

96க்கு 90லேர்ந்து 105 வரைக்கும் உள்ள லூப் எல்லாம் தாராளமா ஒத்துவரும். 140ல வாசிச்சதை 96க்கு இழுத்தா ட்ரம்ஸ் அடி கூர்மையே போயி சவசவன்னு ஆயிரும். ஆனா 192ல ஒரு லூப் இருந்தா தைரியமா எடுங்க, அது உங்க வேகத்துக்கு சரியா ரெட்டிப்பு, ரெண்டாம் காலம் மாதிரி உக்காந்துக்கும்.

கட்டைக்கு வரேன். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. நீங்க சொல்ற 5½ ஜி ஷார்ப், லூப் பண்றவங்க அந்த சுதியில அதிகமா வாசிக்க மாட்டாங்க, சி, டி, ஈ, ஜி, ஏ இதுலதான் குவிஞ்சு கிடக்கும். அதனால ஜியில இருக்குற லூப்பை எடுத்து அரைக் கட்டை ஏத்துங்க, இல்லன்னா நீங்களே 5 கட்டைக்கு இறங்கிப் பாடுங்க. அரைக்கட்டை ஒரு கட்டை ஏத்தி இறக்குனா காதுக்கு ஒன்னும் தெரியாது, அதுக்கு மேல போனா கிடார் பொம்மை கிடார் மாதிரி ஆயிரும். ட்ரம்ஸ் லூப்புக்கு சுதிப் பொருத்தம் பெருசா பாக்கத் தேவையில்ல.

மழைப்பாட்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. லூப் கலெக்‌ஷன் பெரும்பாலும் 4/4, அதாவது சுத்துக்கு நாலு அடி, அதுல நீங்க தேட வேண்டிய வார்த்தை ஷஃபிள். ஷஃபிள்ன்னா ஒவ்வொரு அடியும் ரெண்டா நாலா உடையாம மூணா உடையும், அதாவது திஸ்ர நடை. பேரு 4/4ன்னு இருந்தாலும் உள்ளுக்குள்ள தகிட தகிட தகிட தகிடன்னு நாலு தகிடதான் ஓடும். உங்க பாட்டுல ஒரு தகிடவ ஒரு தட்டா வச்சு எண்ணி பிபிஎம் கண்டுபிடிங்க, அதே வேகத்துக்குப் பக்கத்துல ஒரு ஷஃபிள் ட்ரம்ஸ் வச்சுப் பாருங்க, கையோட ஒட்டிக்கும். 12/8னு போட்டிருக்குற ஸ்லோ ப்ளூஸ் லூப்பும் இதே கணக்குதான்.

மதுரைமிக்ஸிங்:

மேடை அண்ணன் சொன்னதுதான் அடிப்படை, நான் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் சொல்றேன்.

காரேஜ்பேண்ட்னு எல்லாரும் சொல்லுவாங்க, 2004லேர்ந்து மேக்கோட வருது, நல்ல சாமான்தான், ஆனா விண்டோஸ்ல ஓடாது. உங்க லேப்டாப்புக்கு பேண்ட்லேப் போதும், ப்ரவுசர்லயே ஓடும், காசு இல்ல, லூப்பும் உள்ளயே இருக்கு. கொஞ்சம் பழகுனதும் ரீப்பருக்கு மாறுங்க, 60 நாள் முழுசா சோதிச்சுப் பாக்க விடுறாங்க, அப்புறம் சின்ன லைசென்ஸ் 60 டாலர், 8 ஜிபி ரேம்ல அலட்டிக்காம ஓடும், ஆனா லூப் எதுவும் கூட வராது, நாமதான் சேர்க்கணும்.

லூப் எப்படி வேகத்தை மாத்திக்குதுன்னு ஒருவாட்டி தெரிஞ்சுக்கிட்டா எது ஒட்டும் எது ஒட்டாதுன்னு நீங்களே சொல்லிருவீங்க. 1998ல சோனிக் ஃபவுண்டரிங்கிற அமெரிக்கக் கம்பெனி ஆசிட்னு ஒரு சாஃப்ட்வேர் விட்டாங்க, அதுல எந்த லூப்பை இழுத்துப் போட்டாலும் பாட்டோட வேகத்துக்கும் சுதிக்கும் அதுவே மாறிக்கும், அன்னைக்கு அது பெரிய அதிசயம், இன்னைக்கு எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு. இதுல ரெண்டு முறை. ஒன்னு, ஒவ்வொரு அடியும் விழுற இடத்துல லூப்பை நறுக்கி, துண்டுகளை நெருக்கி வைக்கிறதோ தள்ளி வைக்கிறதோ, சத்தத்தைத் தொடுறதே இல்ல, ட்ரம்ஸ், பறை, ஜால்ரா மாதிரி தனித்தனியா விழுற சத்தத்துக்கு இது சரி. இன்னொன்னு சத்தத்தையே இழுக்குறது, வயலின், புல்லாங்குழல், குரல் மாதிரி இழைஞ்சு ஓடுற சத்தத்துக்கு இதுதான் முடியும், ஆனா அளவா இழுக்கணும், பத்து சதவீதத்துக்கு மேல போனா சந்தேகத்தோட கேளுங்க.

மூணாவது ஒரு ஜாதி இருக்கு, மிடி லூப். அதுல சத்தமே கிடையாது, எந்த ஸ்வரம் எப்ப எவ்வளவு நேரம்ங்கிற குறிப்பு மட்டும்தான், வாசிக்கிறது கம்ப்யூட்டர்ல இருக்குற கருவி. காரேஜ்பேண்ட்ல பச்சைக் கலர்ல இருக்குமே அது. வேகம் எப்படி மாத்துனாலும் கெடாது, எத்தனை கட்டை வேணா நகர்த்தலாம், ஒரு ஸ்வரம் பிடிக்கலன்னா அதை மட்டும் மாத்திக்கலாம். நீங்க பேஸுக்கும் பியானோவுக்கும் முடிஞ்ச வரைக்கும் மிடியே எடுங்க டீச்சர், உங்களுக்குத்தான் ஸ்வர ஞானம் இருக்கே, அந்த ஞானம் வேலை செய்யற இடம் இதுதான்.

எம்பி3 லூப் எடுக்காதீங்க, வேவ் (சத்தத்தைச் சுருக்காம வைக்கிற ஃபைல்) எடுங்க. எம்பி3யா மாத்தும்போது ஃபைல் ஆரம்பத்துல ஒரு துளி மௌனம் சேர்ந்துரும், ஒருவாட்டி கேட்டா தெரியாது, திரும்பத் திரும்ப ஓடவிட்டா ஒவ்வொரு சுத்துலயும் தாளம் நொண்டும்.

ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாடிப் பதியவே பதியாதீங்க, ஒயர் வச்சது நூறு ரூபாய்க்கு வாங்குனாலும் பரவாயில்ல. ப்ளூடூத்ல சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள 150, 200 மில்லி செகண்ட்கூட ஆகும். 96 வேகத்துல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 625 மில்லி செகண்ட்தான், அப்ப கால் அடி பிந்தித்தான் உங்களுக்கே கேக்குது, நீங்க என்ன தாளம் விலகாம பாடுனாலும் பதிவுல பிந்தித்தான் விழும்.

பறைக்குச்சி:

அக்கா, நான் வேற ஒன்னு சொல்றேன். கிராமத்துப் புள்ளைங்க பாட்டுக்கு எதுக்கு ப்ளூஸ் ட்ரம்ஸ், உங்க ஊர்லயே பறை அடிக்கிறவங்க இருப்பாங்க, உறுமி, நையாண்டி மேளக்காரங்க இருப்பாங்க. லூப்னா வெளியிலேர்ந்துதான் வாங்கணும்னு யாரும் சொல்லல, நாமளே பதிஞ்சுக்கலாம், நான் அப்படித்தான் பண்றேன், என் பாட்டுல இருக்குற தாளம் உலகத்துல வேற யார்கிட்டயும் இருக்காது.

செய்முறை சொல்றேன். வாசிக்கிறவர் காதுல ஒயர் இயர்போன் ஒன்னு, அதுல உங்க வேகத்துக்கு க்ளிக். முதல்ல க்ளிக்குக்கு வாசிக்கச் சொன்னா பலபேருக்கு கை கட்டுனாப்புல இருக்கும், அதனால வெறும் டிக் டிக் வேணாம், உங்க வழிகாட்டிக் குரலையும் சேர்த்து காதுல விடுங்க, பாட்டைக் கேட்டாத்தான் அவங்களுக்குக் கை ஓடும். ஒரே அடியை ரெண்டு நிமிஷம் நிறுத்தாம வாசிக்க விடுங்க, முதல்ல கொஞ்ச நேரம் கை சூடேறுறதுக்குப் போயிரும், நடுவுல ஒரு இடத்துல தானா சுகமா விழும், அந்த நாலு ஆவர்த்தத்தை, அதாவது தாளத்தோட நாலு முழுச் சுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கோங்க. சுத்து முடிஞ்சு அடுத்த சுத்து தொடங்குன முதல் அடியோட ரீங்காரம் வரைக்கும் பதிஞ்சிருக்கணும், டக்குன்னு நிறுத்துன இடத்துல வெட்டுனா ஒட்டு தெரியும். அலை கோடு நடுவுல பூஜ்யத்தைத் தொடுற இடமாப் பாத்து வெட்டுங்க, இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக் சத்தம் கேக்கும்.

பறையில ஒரு விஷயம் கவனிக்கணும். தோலைத் தீயில காட்டி முறுக்கேத்துனதும் கணீர்னு இருக்கும், ஆற ஆற சத்தம் இறங்கும், அப்ப முதல் பாட்டுக்குப் பதிஞ்சதும் கடைசிப் பாட்டுக்குப் பதிஞ்சதும் ஒரே பறைன்னு சொன்னா நம்ப முடியாது. அதனால ஒவ்வொரு தாளத்துக்கும் முன்னாடி காய்ச்சிக்கிட்டுப் பதியுங்க, மழைக்காலத்துல இன்னும் அடிக்கடி காய்ச்சணும். அடிக்குச்சி (தடிச்சது), சிம்புக்குச்சி (மெலிசு) ரெண்டும் சேர்ந்த அடி ஒரு லூப், சிம்புக்குச்சி மட்டும் போற லேசான அடி ஒரு லூப்னு ரெண்டா எடுத்துக்கிட்டீங்கன்னா சரணத்துக்கு லேசு, பல்லவிக்கு முழுசுன்னு மாத்தி மாத்தி வைக்கலாம். உறுமியோட இழைச்சல் சத்தத்தை வேகம் மாத்தவே கூடாது, அந்த வழுக்கல்தான் உறுமி, இழுத்தா செத்துரும், அதை எந்தப் பாட்டுக்கோ அந்த வேகத்துலயே வாசிக்க வச்சுப் பதியணும்.

போன் போதும், தரையில வைக்காம ஒரு ஆள் தூரம் தள்ளி இடுப்பு உயரத்துல வைங்க, பறை பக்கத்துல வச்சா சத்தம் உடைஞ்சு வரும், உடைஞ்சதை யாராலயும் சரி பண்ண முடியாது. வகுப்பறையில வேணாம், எதிரொலி அள்ளும், வெளிய மரத்தடி நல்லது, காத்து இல்லாத நேரமா பாருங்க.

அப்புறம் வாசிச்சவருக்குக் காசு குடுத்துருங்க, பேரையும் வீடியோவுல போட்டுருங்க, எந்தெந்தப் பாட்டுல இதைப் பயன்படுத்துவீங்கன்னு அவர்கிட்டயே சொல்லி சம்மதம் வாங்கிக்கோங்க. அமென் ப்ரேக்னு ஒரு ட்ரம்ஸ் லூப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, 1969ல தி வின்ஸ்டன்ஸ்ங்கிற அமெரிக்கக் குழுவோட பாட்டுல கிரெகரி கோல்மன் வாசிச்ச நாலே நாலு ஆவர்த்தம், ஏழு நொடிகூட முழுசா இருக்காது, அதை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுல உலகமே போட்டுக்கிச்சு. அதுக்குன்னு அவருக்கு ராயல்டி, அதாவது பயன்படுத்துனதுக்கான உரிமைப் பணம், எதுவும் வரல, 2006ல செத்துப்போனாரு. நம்ம ஊர்க் கலைஞனுக்கு அப்படி நடக்கக்கூடாது.

உரிமைவிவரம்:

காப்பிரைட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே.

சாஃப்ட்வேரோட வர்ற லூப், ராயல்டி ஃப்ரீன்னு போட்டு விக்கிற லூப், ரெண்டையும் உங்க பாட்டுக்குள்ள வச்சு யூட்யூப்ல போடலாம், காசு சம்பாதிக்கக்கூட செய்யலாம். பொதுவா செய்யக்கூடாதது, அந்த லூப்பைத் தனியாப் பிரிச்சு விக்கிறதோ இன்னொரு லூப் தொகுப்பா ஆக்கி குடுக்கிறதோ. ரிஹானாவோட அம்ப்ரெல்லா பாட்டு 2007ல வந்துச்சே, அதுல ஓடுற ட்ரம்ஸே காரேஜ்பேண்ட்ல எல்லாருக்கும் கிடைக்கிற ஒரு லூப்தான். இறக்கும்போதே லைசென்ஸ் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்தப் பாட்டு ஃபோல்டர்லயே போட்டு வைங்க. சும்மா கிடைக்குதுன்னு டெலிகிராம் குரூப்ல சுத்துற ஜிப் ஃபைலைத் தொடாதீங்க, அதுல பாதி சினிமாப் பாட்டுலேர்ந்து வெட்டுனதா இருக்கும்.

முக்கியமா இன்னொன்னு, கன்டென்ட் ஐடின்னு யூட்யூப்ல ஒன்னு இருக்கு, பாட்டைப் பதிவு பண்ணி வச்சா அதே சத்தம் வேற எந்த வீடியோவுல வந்தாலும் கண்டுபிடிச்சுரும். எல்லாருக்கும் கிடைக்கிற லூப் வச்சுப் பண்ண பாட்டை அதுல பதியக்கூடாதுன்னு யூட்யூப் விதியே இருக்கு, ஏன்னா அதே லூப்பைப் போட்ட அடுத்தவங்க பாட்டு மேல எல்லாம் உங்க பேர்ல உரிமை கோரல் போயிரும். பாட்டை ஆன்லைன்ல விநியோகம் பண்ற கம்பெனிங்க "கன்டென்ட் ஐடி வேணுமா"ன்னு ஒரு டிக் பெட்டி வச்சிருப்பாங்க, அதுல டிக் பண்ணாதீங்க. வேற எவனாவது விதியை மீறிப் பதிஞ்சு உங்க வீடியோவுக்கு க்ளெய்ம் வந்தா பயப்படாதீங்க, டிஸ்ப்யூட், அதாவது மறுப்பு, போட்டு, லூப் எங்கேர்ந்து எடுத்தீங்க, என்ன லைசென்ஸ்னு எழுதுங்க. பறைக்குச்சி தம்பி சொன்ன மாதிரி சொந்தமாப் பதிஞ்ச லூப்னா இந்தத் தொல்லையே இல்ல.

ஸ்டுடியோதபேலா:

நான் சென்னையில ரொம்ப வருஷம் ஸ்டுடியோவுல தபேலா வாசிச்சவன். லூப் வந்தப்புறம் எங்க மாதிரி ஆளுங்களுக்கு வேலை குறைஞ்சது உண்மை, ஒரு பாட்டுக்கு ரெண்டு தபேலா ஒரு டோலக் உக்காந்த இடத்துல ஒரு ஃபைல் உக்காந்துச்சு. அந்த வருத்தம் இருக்கு, ஆனா அதை டீச்சர் மேல காட்ட எனக்கு நியாயம் இல்லம்மா, உங்க பள்ளிக்கூடத்துப் பாட்டுக்கு யாரும் ஸ்டுடியோ புக் பண்ணப் போறதில்ல.

"இசை: நான்"னு போடலாமான்னு கேட்டீங்க. மெட்டு நீங்க போட்டது, எந்த இடத்துல எது வரணும் எது வரக்கூடாதுன்னு முடிவு பண்றதும் நீங்க. தாராளமாப் போட்டுக்கங்க. ஆனா அந்த முடிவை நிஜமாவே எடுக்கணும், லூப்பை பல்லவியில தொடங்கி கடைசி வரைக்கும் ஒரே சீரா ஓடவிட்டுட்டுப் போயிட்டீங்கன்னா அது நீங்க பண்ண இசை இல்ல. மனுஷன் வாசிக்கும்போது ஒவ்வொரு நாலு ஆவர்த்தத்துக்கும் ஒருவாட்டி கை தானா ஏதாவது மாத்தும், சரணத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு திருப்பம் வாசிப்போம், பாடகர் மூச்சு எடுக்குற இடத்துல ஒரு சின்ன உருட்டு விழும், பாட்டு வரியில முக்கியமான வார்த்தை வர்ற இடத்துல சும்மா இருப்போம். லூப்புக்கு உங்க வரி தெரியாது, அதனால அந்த வேலையை நீங்கதான் வெட்டி வெட்டிச் செய்யணும். எண்ணுப்பாட்டுல "பத்து"ன்னு பிள்ளைங்க கத்துற இடத்துல எல்லா லூப்பையும் அரை ஆவர்த்தம் நிறுத்திப் பாருங்க, அவங்க குரல் மட்டும் தனியா வரட்டும், அப்புறம் தாளம் வந்து விழும்போது கேக்குறவன் எழுந்து ஆடுவான்.

பாட்டுடீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா சொல்லுவீங்கன்னு நினைக்கல. ஷஃபிள் வச்சுப் பார்த்தேன், மழைப்பாட்டு அப்படியே ஒட்டிக்கிச்சு! பறை வாசிக்கிற ஒரு அண்ணன்கிட்டயும் பேசியிருக்கேன், ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காரு.

மேடைகீபோர்டு சார்கிட்ட ஒன்னு கேக்கணும். மழைப்பாட்டு மெட்டு கீரவாணி ராகத்துல போட்டிருக்கேன். கட்டையை 6க்கு ஏத்திக்கிட்டு ஏ மைனர்னு போட்டிருக்குற கிடார் லூப், பியானோ லூப் எல்லாம் வச்சுப் பார்த்தா பாதி இடம் அழகா இருக்கு, நிஷாதம் வர்ற இடத்துல மட்டும் காது கூசுது. இது என் பாட்டுல தப்பா, லூப்ல தப்பா?

மேடைகீபோர்டு:

ரெண்டுலயும் தப்பில்ல டீச்சர், காது சரியாத்தான் சொல்லுது. மைனர்னு எழுதியிருக்குற லூப் பெரும்பாலும் நம்ம நடபைரவி ஸ்வரங்கள், அதுல கைசிகி நிஷாதம், கீழ நிக்கிற நி. கீரவாணிக்கு காகலி நிஷாதம், அரைக் கட்டை மேல நிக்கிற நி. 6 கட்டை ஸட்ஜத்துக்கு நீங்க பாடுறது ஜி ஷார்ப், லூப்ல வாசிக்கிறது ஜி, ரெண்டும் ஒரே நேரத்துல விழுந்தா கூசாம என்ன செய்யும். கார்டுன்னா மூணு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிறது, லூப்ல ஜி மேஜர், ஈ மைனர் மாதிரி ஜி ஸ்வரம் இருக்குற கார்டு வர்ற ஆவர்த்தத்தை வெட்டித் தூக்கிருங்க. ஏ மைனர், டி மைனர், எஃப் மேஜர் மூணும் கீரவாணிக்குள்ளயே அடங்கும், அதை வச்சுக்கங்க. தூக்குன இடத்துல ஈ மேஜர் வரணும், ஈ, ஜி ஷார்ப், பி. அதை மிடில மூணு ஸ்வரமா நீங்களே மவுஸால வரைஞ்சு வச்சுரலாம், கீபோர்டு வாசிக்கத் தெரிய வேண்டியதில்ல.

எண்ணுப்பாட்டு மோகனம் மாதிரி அஞ்சு ஸ்வரத்துல போகுதுன்னா இந்தக் கவலையே இல்ல, அதே கட்டையில மேஜர் லூப் எது எடுத்தாலும் இடிக்காது. ஆனா லூப்ல மத்யமம், நிஷாதம் எல்லாம் வரும், மோகனத்தோட வெளிச்சம் கொஞ்சம் மாறித் தெரியும், அது பிடிக்கலன்னா கார்டு லூப்பையே எடுத்துட்டு ச, ப ரெண்டு மட்டும் பின்னாடி நிக்க வச்சு பறையோட பாடுங்க, பிள்ளைங்க பாட்டுக்கு அதுவே நிறைவா இருக்கும்.

மதுரைமிக்ஸிங்:

மத்த டீச்சர்களும் எடுத்துப் பாடணும்னு சொன்னீங்கல்ல டீச்சர், அதுக்கு ஒன்னு. பாட்டை ஏத்தும்போது குரல் இல்லாத ட்ராக்கையும் தனியா வேவ்ல எடுத்து வச்சுக்கோங்க, பின்னால உதவும், பாடுற வீடியோ ஒன்னு, வெறும் மியூசிக் ஒன்னுன்னு ரெண்டா போடுங்க. ஆண் டீச்சர்களுக்கு 6 கட்டை ஒத்துவராது, நீங்க மிடில பண்ணியிருந்தா 1 கட்டைக்கு இறக்கி இன்னொரு ட்ராக் எடுக்குறது அஞ்சு நிமிஷ வேலை, பறையை அப்படியே விட்டுருங்க. முன்னாடி ஒரு ஆவர்த்தம் வெறும் தட்டு மட்டும் வைங்க, பிள்ளைங்க எங்க எடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியணும். மழைப்பாட்டு முடிஞ்சதும் லிங்க் போடுங்க, குரல் சத்தம் தாளத்துக்கு மேல நிக்குதான்னு கேட்டுச் சொல்றேன்.